வயதின் மேல் பழி போடாதீர்கள்

கோயம்புத்தூரிலிருந்து சொந்தக்காரப் பிள்ளை ஒருவர் மைசூருக்கு வந்திருந்தார். சிவில் படித்தவர், சொந்தமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். மல்லிகை வாங்குவதற்காக அவரைத் தேவராஜா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். பூக்கடை வரிசையைத் தாண்டி, குங்குமத்தைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் கடைகளுக்கு முன்னால் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். "நூறு வருசம் தாண்டிருச்சுங்க மாமா. ஆயுசு முடிஞ்ச பில்டிங். இடிச்சுப்போட்டு நாலு மாடி ஏத்துனா கார்ப்பரேசனுக்கும் வருமானம்" என்றார். பக்கத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவருக்குத் தமிழ் தெரியும். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். அவருடைய கடையும் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது.

எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. "ஆயுசு முடிந்தது" என்ற இந்தப் பேச்சை மைசூரில் 2012-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி, சையாஜி ராவ் சாலையில் மார்க்கெட்டை ஒட்டி நிற்கும் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து நான்கு பேர் செத்தார்கள். 1892-ல், வைஸ்ராய் லான்ஸ்டவுன் பிரபுவின் மைசூர் வருகையை ஒட்டிக் கட்டியது. நாலு ஆண்டு கழித்து, 2016 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, தேவராஜா மார்க்கெட்டின் வடக்கு வாசல் விழுந்தது. அது விழுந்தபோது அங்கே பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை யாரும் இப்போது நினைவு வைத்திருக்கவில்லை. 2022 அக்டோபரில் மகாராணி மகளிர் அறிவியல் கல்லூரியின் ஆய்வகப் பகுதி இடிந்தது. நல்ல வேளையாக அங்கே உயிர்ச்சேதம் இல்லை. ஒவ்வொரு தடவையும் தீர்ப்பு ஒன்றுதான்: பழசு, விழுந்துவிட்டது. வயதைக் குற்றவாளியாக்கிவிட்டால் வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வயதுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது, வயதைச் சஸ்பெண்ட் செய்ய முடியாது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். மைசூரிலிருந்து வண்டியில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கேஆர்எஸ் எனப்படும் கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் போய்விடலாம். 1911-ல் வேலையைத் தொடங்கி 1930-களின் தொடக்கத்தில் முடித்தார்கள். இன்றைக்கு நாம் போடுகிற சிமென்ட் கான்கிரீட் அணை இல்லை அது. சுண்ணாம்போடு செங்கற்பொடி கலந்த சுர்க்கிச் சாந்தில் எழுப்பிய கல் கட்டு. இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். நிறைந்தால் 124.80 அடி, 49 டிஎம்சிக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவு தண்ணீரும் வருஷா வருஷம் அந்தச் சுண்ணாம்புச் சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஒரு பூ மார்க்கெட்டின் சுவர் எதைத் தாங்குகிறது? தன் கூரையையும் சில மூட்டைகளையும். தேவராஜா மார்க்கெட்டைச் சுண்ணாம்பு கைவிட்டது என்றால், காவிரியை அதே சுண்ணாம்பு எப்படித் தாங்குகிறது?

கேஆர்எஸ்ஸுக்குப் பார்க்க ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். அணைக்குள் எங்கே எவ்வளவு கசிகிறது என்று அளந்து குறிக்கிறார்கள். சாந்து கரைந்த இடத்தில் சாந்தைச் செலுத்தி அடைக்கிறார்கள். பழைய மதகுக் கதவுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அண்மை ஆண்டுகளில் கழற்றிப் புதிதாக மாட்டினார்கள். கதவுக்கு வயதானதும் கதவை மாற்றினார்களே தவிர, அணையை உடைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்பும் பின்பும் ஒவ்வோர் ஆண்டும் பெரிய அணைகளைச் சோதித்தே ஆக வேண்டும் என்கிறது. நகரத்தின் நடுவில், தினமும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிற மார்க்கெட் கூரையை மழைக்கு முன்னால் ஏறிப் பார் என்று சொல்ல அப்படி ஒரு மத்தியச் சட்டம் உண்டா?

அந்தக் கூரை எப்படி விழுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "விழுந்துவிட்டது" என்ற சொல்லுக்குள் எல்லாத் தப்பும் ஒளிந்துகொள்கிறது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் பலவற்றுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரம், அதன்மேல் சிறு கட்டைகள், அவற்றின்மேல் செங்கல்லைச் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் தட்டி இறுக்கியிருப்பார்கள். மழைத் தண்ணீர் ஓட வாட்டம் வைத்து, மூலையில் ஒரு குழாய். அந்தக் குழாயில் இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க ஒரு ஆளும் ஒரு ஏணியும் போதும். எடுக்காவிட்டால் தண்ணீர் மாடியில் நிற்கும், நின்ற தண்ணீர் சுவருக்குள் இறங்கும். உத்தரத்தின் முனை சுவருக்குள்தான் புதைந்திருக்கிறது. நடுவில் தேக்கு இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் இருக்கும் முனை மட்டும் விரலால் குத்தினால் பொடியாகும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் சொந்தக்காரப் பிள்ளைக்கும் தெரியவில்லை. ஒருநாள் முனை நழுவும், கூரை இறங்கும். கூரை போனதும் இரண்டு சுவரையும் பிடித்து நிறுத்திய கட்டு போய்விடும். அடுத்த மழையில் சுவர் வெளியே பிதுங்கும். செத்தவர்கள் படம் மறுநாள் செய்தித்தாளில் வரும்.

அடைப்பு எடுக்க ஏணி வைக்காததற்கு நூறு வயது காரணமா?

அடுத்தது அரசங்கன்று. பழைய கட்டடத்தின் கார்னிஸில் காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றைப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் இல்லை. எங்கள் பகுதியில் ஓர் அரசுக் கட்டடம் உண்டு, பெயர் வேண்டாம். ஒவ்வொரு தசராவுக்கு முன்னாலும் ஒரு ஆள் வந்து கன்றை அரிவாளால் வெட்டிவிட்டுப் போவார். வேர் உள்ளேயே இருக்கும். வெட்ட வெட்ட அது தடிக்கும். பிறகு அந்த விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசுவார்கள், மேலே மஞ்சள் வர்ணம் அடிப்பார்கள். சுண்ணாம்புச் சுவருக்குள் போன ஈரம் சுவர் வழியாகவே வெளியேறி உலர வேண்டும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கிச் சாந்தைத் தின்கிறது, இரண்டு வருஷத்தில் பூச்சு தகடு தகடாகப் பெயர்கிறது. பெயர்ந்ததைக் காட்டி, பார்த்தீர்களா, கட்டடம் தாங்கவில்லை என்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரைச் சிமென்ட்டால் கெடுத்தவர்களே சுண்ணாம்பின் மேல் புகார் சொல்கிறார்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை என்பார்கள். எப்படிக் கிடைப்பார்? நாலு வருஷம் சிவில் படிக்கிற பிள்ளைக்குச் சுண்ணாம்பை ஊறவைத்து அரைக்கும் முறையை நாம் சொல்லிக்கொடுக்கிறோமா? சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையைக் கூரைக்குக் கீழே நிறுத்தி அபிப்பிராயம் கேட்கிறோம். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தை அவர் எழுதித் தருகிறார்.

தமிழ் வாசகர்களிடம் எனக்கு இன்னொரு வருத்தமும் இருக்கிறது. முல்லைப் பெரியாறு 1895-ல் முடிந்த அணை. அதுவும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். கேரளத்தில் எவராவது "பழைய அணை, உடைத்துவிட்டுப் புதிது கட்டு" என்று சொன்னால் நமக்குக் கொதிக்கிறது. 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி போட்டோம், எஃகுக் கம்பி வடங்களை அடிப்பாறை வரைக்கும் இறக்கிக் கட்டினோம், பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தோம், 2014-ல் உச்ச நீதிமன்றமே 142 அடி தேக்கலாம் என்று சொல்லிவிட்டது என்று வரிசையாக அடுக்குகிறோம். அத்தனையும் சரி. அப்படியானால் அதே வாயால் மைசூரிலும் மதுரையிலும் சென்னையிலும் ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்ததும் "ஆயுசு முடிந்தது" என்று எப்படிச் சொல்கிறோம்? தேனிக்காரர் வயலுக்குத் தண்ணீர் தருகிற சுண்ணாம்பு பலமானது, பூக்காரம்மா கடைமேல் இருக்கிற சுண்ணாம்பு பலவீனமானது என்று ஏதாவது கணக்கு உண்டா?

முக்கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கொள்ளிடம் மேலணையில் 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு ஒன்பது மதகுகள் ஆற்றோடு போயின. உடனே 182 வருஷக் கணக்கு வந்துவிட்டது. ஆற்றின் அடியில் மணல் அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள், அரசு மறுத்தது. எது எப்படியானாலும், அந்த மாதம் முக்கொம்புக்கு வந்த வெள்ளத்தில் பெரும்பங்கு கர்நாடக அணைகள் திறந்துவிட்டது. கேஆர்எஸ்ஸின் சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி வந்த தண்ணீரும் அதில் உண்டு. அங்கே நின்றது, இங்கே போனது. வயது மட்டுமே காரணம் என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லட்டும்.

2024 ஆகஸ்ட் 10-ஆம் தேதி இரவு துங்கபத்திரை அணையின் 19-ஆவது மதகு அடித்துக்கொண்டு போனது. 1953-ல் முடிந்த அணை, கேஆர்எஸ்ஸைவிட இருபது வயது இளையது. அங்கே அறுந்தது ஒரு சங்கிலி. அணையின் கல் அசையவில்லை. ஒரு வாரத்துக்குள் தற்காலிகத் தடுப்பை இறக்கி மீதித் தண்ணீரைக் காப்பாற்றினார்கள். சங்கிலியை முன்பே மாற்றியிருந்தால் அந்த வாரமே தேவைப்பட்டிருக்காது. குஜராத்தில் மோர்பி தொங்குபாலத்தில் 2022 அக்டோபர் 30-ஆம் தேதி 135 பேர் செத்தார்கள். பழுதுபார்த்துத் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நடைதளத்தை மாற்றினார்கள், வர்ணம் அடித்தார்கள், துருவேறிய பழைய வடத்தை அப்படியே விட்டார்கள் என்று விசாரணைக் குழு கண்டது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் காசைக் கொட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தை விட்டுவிடுவதற்கு நம் ஊரில் பராமரிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

புதிதாகக் கட்டினால் தப்பித்துவிடலாம் என்பவர்களுக்கு மௌலிவாக்கம் ஞாபகம் இருக்கட்டும். 2014 ஜூன் 28. பதினொரு மாடி, குடி வருவதற்கு முன்பே விழுந்து 61 பேரைக் கொன்றது. குஜராத்தின் கம்பீரா பாலம் 1985-ல் கட்டியது, 2025 ஜூலையில் இருபது பேருக்கு மேல் பலி வாங்கியது. நாற்பது வயது. அந்தக் கணக்கில் கேஆர்எஸ் இரண்டு தடவை உடைந்திருக்க வேண்டும்.

புதிதின் மேல் ஏன் இந்த ஆசை என்று எல்லாருக்கும் தெரியும். புதிய கட்டடத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு, பெரிய டெண்டர் உண்டு. மாடிக் குழாயில் அடைப்பு எடுத்ததற்கு எந்த அமைச்சர் வந்து நாடா வெட்டப் போகிறார்? மார்க்கெட் கடைகளின் வாடகை மிகக் குறைவு, அதனால்தான் பராமரிக்க முடியவில்லை என்பார்கள். வாடகையைக் காலத்தோடு உயர்த்தாதது மாநகராட்சியின் தப்பு. வாங்கிய வாடகையை அந்தக் கூரைக்குச் செலவிடாததும் அதன் தப்பு. கடைக்காரர்களையும் விட மாட்டேன். பரணுக்காகச் சுவரைக் குடைந்தவர்கள், தூணை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி வைத்தவர்கள், இரண்டு கடையை ஒன்றாக்க நடுச்சுவரை எடுத்தவர்கள் எல்லாரும் இதில் பங்காளிகள்.

காப்பாற்ற முடியாது என்பதும் பொய். சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் அதில் உயிர்விட்டார். கூரை போய், கருகிய சுவர் மட்டும் நின்றது. லான்ஸ்டவுன் அன்றைக்கு இருந்த நிலையைவிட மோசம். அதைப் பொதுப்பணித் துறையே சுண்ணாம்பு வைத்து மீட்டெடுத்தது. இன்றைக்கு அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உட்கார்ந்து வழக்குக் கேட்கிறது. மைசூரிலோ லான்ஸ்டவுன் சரிந்ததிலிருந்து குழு, அறிக்கை, எதிர் அறிக்கை, உயர் நீதிமன்றம் என்றே காலம் போகிறது. ஒரு நிபுணர் குழு இடிக்கலாம் என்கிறது, இன்டாக் போன்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகள் மீட்கலாம் என்கின்றன. இவர்கள் வாதாடும் ஒவ்வொரு ஜூனிலும் மழை அந்த உத்தரங்களின் முனையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிறகு, பாருங்கள், இப்போது உண்மையிலேயே மீட்க முடியாத நிலை என்பார்கள். காத்திருந்து கெடுப்பதும் இடிப்பதில் ஒரு வகை.

மைசூரில் பாரம்பரியக் கட்டடங்கள் என்று பட்டியலில் இருப்பவை நூற்றுக்கும் மேல். மருத்துவமனையும் கல்லூரியும் அரசு அலுவலகமும் அதில் உண்டு. நம் பிள்ளைகள் படிக்கிற, நம் அம்மாக்கள் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிற இடங்கள். ஒவ்வொன்றுக்கும் மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை மாடி ஏறிப் பார்க்க வேண்டும். விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி, அது உடைகிறதா என்று கவனிக்க வேண்டும். உத்தர முனையைத் தட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தவர் பெயரும் தேதியும் கட்டட வாசலில் எழுதியிருக்க வேண்டும். கேஆர்எஸ்ஸில் செய்ய முடிந்ததை இருபது கிலோமீட்டர் தள்ளி ஏன் செய்ய முடியாது?

அடுத்த தடவை உங்கள் ஊரில் யாராவது ஒரு கட்டடத்துக்கு ஆயுசு முடிந்தது என்று சொன்னால், ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். இந்தக் கட்டடத்தின் மாடியைக் கடைசியாக எந்தத் தேதியில் யார் சோதித்தார், அந்தக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் காகிதம் உங்கள் கைக்கு வரும் வரை இடிக்கச் சம்மதிக்காதீர்கள்.