ஏ ஒன்! பிரமாதம்!

கடலூர்க் கடைத்தெருவில் வியாபாரி வெண்டைக்காயை ஒடித்துக் காட்டி, "ஏ ஒன் சரக்கு, ஸார்!" என்கிறான். கத்தரிக்காய்க்கும் ஏ ஒன். கருவாட்டுக்கும் ஏ ஒன். ஆனால் இப்பதம் சந்தையில் பிறந்ததன்று, கப்பலோடு பிறந்தது. லண்டனில் எட்வர்டு லாயிட் ஏற்படுத்திய காப்பிக் கடையில் கூடி வந்த வர்த்தகர்கள், எந்தக் கப்பலை நம்பலாம் என்று அறிய 1760-இல் ஒரு சங்கம் அமைத்து ஜாபிதா போடலானார்கள். கப்பலின் உடலுக்கு எழுத்து. நங்கூரம், வடம் முதலிய தளவாடங்களுக்கு இலக்கம். இரண்டிலும் முதல்தரமான கப்பலுக்கு 1775-76-ஆம் வருஷத்து ஜாபிதாவில் 'ஏ 1' என்று குறித்தார்கள். காப்பிக் கடை வம்பு வீண் போவதில்லை, பாருங்கள்!

துறைமுகப் பட்டினமாகிய கடலூருக்கு இச்சொல் பொருத்தமானதுதான். 1690-இல் இங்கிலீஷ்காரர் தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரமே தங்கள் எல்லை என்று வைத்துக் கொண்டார்கள். அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். அவர்களுடைய பாஷைக்கு அப்படி எல்லையும் கிடையாது. நம் சமையலறை வரை வந்துவிட்டது. ரசம் 'சூப்பர்', கோலம் 'நைஸ்'.

இந்த 'நைஸ்' என்ற சொல்லின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. லத்தீன் மூலத்தில் அதற்கு 'அறியாதவன்' என்று பொருள். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் புகுந்தபோது, அசடன் என்ற வசைச் சொல்லாகவே இருந்தது. 'டெரிபிக்' என்பதோ அச்சமூட்டுவது. இதற்காக நாம் சிரிக்க வேண்டியதில்லை. வடமொழியில் 'பிரமாதம்' என்றால் அஜாக்கிரதை, தவறு. அதைக் கொண்டுதானே நாம் வித்வானை மெச்சுகிறோம்!

நாடகக் கொட்டகையில் நம்மவர் 'ஒன்ஸ் மோர்' என்று முழங்குவது இதிலும் விசேஷம். அதே சந்தர்ப்பத்தில் இங்கிலீஷ்காரர் கூவுவது 'ஆங்கோர்' என்ற பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சுக்காரரோ 'பிஸ்' என்று லத்தீனில் கேட்பார்கள். புகழும்போது அயல்மொழியை நாடுவது உலக வழக்கம் போலும். நமது 'சபாஷ்' கூடப் பாரசீகம்; மகிழ்ந்திரு என்பது அதன் பொருள். வாழ்த்தாக வந்த அச்சொல்லை நான் வேண்டாமென்று சொல்லமாட்டேன்.

எனினும் ஒன்று உறுத்துகிறது. பாட்டுத் தமிழில் இருக்கவேண்டும் என்று சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1941-இல் தமிழிசை மாநாடு கூடிற்று. பாடுகிறவர் வாயைப் பற்றி அத்தனை கவலைப்பட்டோம். பள்ளிக்கூடத்தில் நடப்பது என்ன? பையன் குறளுக்குப் பொருள் எழுதுகிறான், தமிழில், தமிழ்ப் பாடத்துக்கு. உபாத்தியாயர் சிவப்பு மசியில் இங்கிலீஷில் 'குட்' என்று எழுதித் திருப்பித் தருகிறார். எது நன்றாயிருந்தது? உவமையா, கையெழுத்தா, பிழையின்மையா? குழந்தைக்குத் தெரியாது. "உவமையை நன்றாய் விளக்கியிருக்கிறாய்" என்று ஒரு வரி எழுதினால், அடுத்த தடவை அவன் இன்னும் நன்றாய் விளக்குவான். நாற்பது நோட்டுக்களுக்கு அவ்வளவு எழுத அவகாசமில்லை என்பார்கள். வாஸ்தவந்தான். ஆனால் 'நன்று' என்பதற்கு மூன்றே எழுத்து. இங்கிலீஷ் 'குட்'டுக்கு நான்கு.