கண்ணாடிப் பெட்டியும் கொய்னாப் பட்டையும்

இன்னும் வைக்காத ஒரு ஜன்னல் இந்த வாரம் என்னைப் படுத்தியெடுத்துவிட்டது. சென்னையிலிருந்து தங்கை மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். சமையல் மேடைக்கு எதிரே, சுவரைத் தாண்டி வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. மேலேயும் கண்ணாடி, பக்கங்களிலும் கண்ணாடி. உள்ளே தட்டுத் தட்டாகப் புதினா, கொத்தமல்லி, பெயர் தெரியாத சீமைச் செடிகள். “மாமா, இதுக்குப் பேரு கார்டன் விண்டோ. அத்தைக்கு ஒண்ணு வெச்சுக் குடுங்க” என்று கீழே ஒரு வரி. அத்தை அதைப் பார்த்துவிட்டாள். அப்புறம் நான் என்ன சொல்லி என்ன?

இதன் நாட்டு வகை நம் தெருக்களில் ஏற்கெனவே உண்டு. பாக்ஸ் கிரில் என்போம். ஜன்னலுக்கு வெளியே கம்பிப் பெட்டி. அதில் ஒரு கற்றாழை, ஒரு மணி பிளான்ட், ஒரு பழைய பக்கெட், காயப்போட்ட மிதியடி. மழை நேரே விழும், காற்று நேரே வரும், அணில் நேரே வரும். எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை. “அதுவே போதுமே” என்றேன். “அது ஜெயில் மாதிரி இருக்கு” என்று பதில் வந்தது.

அலுமினிய வேலை செய்யும் தம்பி டேப்போடு வந்து அளந்தார். “பக்கத்துக்கு ஒரு ஸ்லைடிங் போட்டுடலாம் சார். மேல டஃபன்டு கிளாஸ். சிலிகான் அடிச்சிட்டா ஒரு சொட்டு இறங்காது” என்றார். ஸ்லைடிங் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏறும் உஷ்ணம் இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும் ஜன்னலுக்கு ஏன் முழு ஜன்னலின் காசு? அந்தத் தண்டவாளத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். செத்த எறும்பு, ஈசல் சிறகு, ஒரு ஊக்கு, இறுகிப்போன மண், அதன்மேல் போன ஐப்பசி மழையின் மிச்சம். தண்ணீர் வெளியேற ஓட்டை வைத்திருப்பார்கள். அந்த ஓட்டையைத்தான் சிலிகான் அடிக்கும்போது அடைத்துவிடுவார்கள். நிறுத்திக்கொள்கிறேன். இதைப் பற்றி எழுதினால் அலுமினியக்காரர்களிடமிருந்து கடிதம் வருகிறது.

எங்கள் சமையலறை மேற்குப் பார்த்தது. செஞ்சியில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஊருக்கு மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திராயன் துர்க்கம். எல்லாம் பாறை. பகல் முழுக்க வாங்கிவைத்த வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகு ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும். அக்னி நட்சத்திரத்தில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில்கூடச் சுவரில் கை வைக்க முடியாது. கண்ணாடியோ வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த வெளிச்சம் சூடாக மாறியதும் வெளியே போகவிடாது. மேற்கு வெயிலில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்தால் அந்தக் கொத்தமல்லி செடியிலேயே வதங்கித் துவையலுக்குத் தயாராகிவிடும். கோட்டைக்குள்ளே கல்யாண மஹாலைக் கட்டியவன் இந்த வெயிலை அறிந்தவன். நடுக் கோபுரத்தில் மாடிக்கு மாடி ஒரு சின்ன அறை, அதைச் சுற்றி வளைவுகள் வைத்த தாழ்வாரம். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுகொள்ளும், காற்று மட்டும் அறைக்குள் வரும். மேல் மாடிக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் வேறு ஏற்றியிருக்கிறார்கள்.

இப்படி நான் சாதித்துக்கொண்டிருக்கும்போது, செடியைக் கண்ணாடிக்குள் வைத்து வளர்க்கும் யோசனை எந்தப் புண்ணியவானுடையது என்று தேடினேன். அங்கே என் கோபம் போய்விட்டது.

அவர் நத்தானியல் வார்டு. கிழக்கு லண்டனில் வைத்தியம் பார்த்தவர். செடிப் பைத்தியம். வீட்டில் பெரணி வளர்க்க ஆசைப்பட்டார். நிலக்கரிப் புகை ஒன்றையும் பிழைக்கவிடவில்லை. 1829-இல், வேறு எதற்கோ, ஒரு விட்டில் பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடிவைத்தார். பூச்சி வருவதற்கு முன்னால் மண்ணிலிருந்து ஒரு பெரணியும் கொஞ்சம் புல்லும் முளைத்தன. பகலில் மண்ணிலிருந்து ஏறிய ஈரம் கண்ணாடியில் படிந்து, இரவில் வழிந்து, மறுபடி மண்ணுக்கே போனது. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம், புகை உள்ளே வராது. 1833-இல் மூடிய பெட்டிகளில் செடி வைத்துக் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றி சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கான பயணம். செடிகள் பச்சையாக இறங்கின. 1842-இல் புத்தகமும் எழுதிவிட்டார். அப்புறம் சீமையில் வசதியான வீட்டு ஜன்னலோரமெல்லாம் வார்டு பெட்டிதான். தங்கை மகள் அனுப்பிய படம் அந்த வம்சம்.

அந்தப் பெட்டிக்கும் செஞ்சிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காக எழுதிய செஞ்சி வரலாற்றை இந்தப் பத்தியில் எத்தனை தடவை இழுத்திருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. சலித்துக்கொள்ளும் வாசகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நம்மூரில் எல்லோருக்கும் தேசிங்கு ராஜன் கதை தெரியும். 1714-இல் குதிரையோடு போய் விழுந்தவன். சிவாஜி 1677-இல் பிடித்ததும் தெரியும். அவர் மகன் ராஜாராமைப் பிடிக்க முகலாயர் 1698 வரை வருடக்கணக்கில் சுற்றி நின்றதும் தெரியும். 2025-இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளின் பட்டியலில் சேர்த்த பிறகு ஆட்டோக்காரர்களும் இதெல்லாம் சொல்கிறார்கள். ஒருவரும் சொல்லாதது காய்ச்சலின் கதை. 1750-இல் பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தான். 1761-இல் ஆங்கிலேயரிடம் போனது. இடைப்பட்ட பத்தாண்டில் இங்கே ஏறத்தாழ 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் நோயில் செத்தார்கள் என்று அக்காலச் சரித்திரக்காரர் ராபர்ட் ஓர்ம் கணக்குச் சொல்கிறார். பீரங்கி அவ்வளவு பேரைக் கொல்லவில்லை. அன்று கர்நாடகம் எனப்பட்ட இந்தப் பகுதியிலேயே ஆகாத காற்று செஞ்சிக் காற்று என்று பேராகிவிட்டது. அகழி, குளம், சுனை, புதர்க்காடு. பழியைச் சுமந்தது காற்று. கொசுவை அன்று யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த முறைக்காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா தென் அமெரிக்க மலைகளில் ஒரு மரத்தின் பட்டையில் இருந்தது. சின்கோனா. அதை நீலகிரியில் நட கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் பெரு நாட்டுக்குப் போய்க் கன்றுகள் சேகரித்து, வார்டு பெட்டிகளில் அடைத்து அனுப்பினார். என் கட்சிக்கு இங்கேதான் சாட்சி கிடைத்தது. செங்கடல் வெயிலில் பெட்டிக்குள் இருந்த கன்றுகள் வெந்தன. ஊட்டி வந்து சேர்ந்தவையும் தேறவில்லை. (இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். “நாம என்ன செங்கடல்லயா இருக்கோம்?” என்றாள்.)

அடுத்த ஆண்டு ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் ஈக்வடாரிலிருந்து சிவப்புப் பட்டை இனத்தை அதே மாதிரிப் பெட்டிகளில் கூடவே இருந்து காத்துக் கொண்டுவந்தார். 1861 ஏப்ரலில் நானூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகள் ஊட்டித் தோட்டத்தின் மக்ஐவரிடம் உயிரோடு சேர்ந்தன. பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மக்ஐவரும் கைதேர்ந்த ஆள். ஒரு கன்றைப் பலவாக்கினார். மரத்தை வெட்டாமல் பட்டையை வார் வாராக உரித்து, உரித்த இடத்தைப் பாசி வைத்துக் கட்டினார். பட்டை மறுபடி வளர்ந்தது.

இந்தப் படலத்தில் மார்க்கம், கிராஸ், மக்ஐவர் என்று பெயர் பெயராக அச்சில் வருகிறார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் காட்டைத் திருத்திக் குழி வெட்டியவர்களின் பெயர் வருவதில்லை. அவர்களில் சீனக் கைதிகள் இருந்தார்கள். மலாய்ப் பக்கத்து ஆங்கிலேயக் குடியிருப்புகளிலிருந்து சென்னை மாகாணத்துச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். தண்டனை முடிந்ததும் சிலர் ஊர் திரும்பாமல் நடுவட்டம் பக்கமே தங்கிவிட்டார்கள். தமிழ்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அங்கே போய் அவர்களைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறார். கொஞ்சம் காப்பி போட்டு, மாடு வைத்துப் பால் விற்றுப் பிழைத்தார்களாம். தர்ஸ்டனுக்கு மனிதர்களைக் கண்டால் மூக்கை அளக்கும் வியாதி. அவர்கள் மூக்கையும் அளந்திருக்கிறார். அந்தக் கொய்னா தெற்கே எத்தனை ஊர்க் காய்ச்சலைத் தணித்ததோ, அதை அளக்க அவரிடம் கருவி இல்லை.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பாதையில்தான் நடுவட்டம். முதுமலை யானையைப் பார்க்கும் அவசரத்தில் வண்டியை விரட்டாமல் அங்கே இறங்கி, சின்கோனா மரம் எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பட்டையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். கசப்பு என்றால் நம் நிலவேம்பு தோற்கும் கசப்பு.