மட்கார்டு இல்லாத சைக்கிளும் முதுகில் விழும் கோடும்



ஐப்பசி பிறந்து மழை பிடிச்சுக்கிட்டது. நம் பள்ளிச் சைக்கிள் கொட்டகையை ஒருமுறை போய்ப் பாருங்கள். பாதிக்கு மேல் 'மவுண்டன் பைக்' மாதிரி வண்டிகள்தான் நிற்கின்றன. தடிச்ச டயர், கியர், முன்னால் ஸ்பிரிங். பார்க்க ஜோராத்தான் இருக்கு. ஆனால் அதில் பெரும்பாலான வண்டிகளுக்கு மட்கார்டே கிடையாது. சிலது கடையிலிருந்தே அப்படித்தான் வருது. சிலதில் இருந்ததை நம்ம அண்ணன்மார் ஸ்குரு கழற்றி எடுத்துட்டாங்க. கேட்டால் "லுக் போயிடும் பாப்பா" என்கிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து மழைக்கும் மண்ணுக்கும் மட்கார்டு இல்லாத சைக்கிள் அரைச் சைக்கிள்தான். மாணவிகள் ஓட்டும் வண்டியில் அது இல்லாமல் இருக்கவே கூடாது.

முதலில் அறிவியல். ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடம் நடத்தும்போது, வட்டத்தில் சுற்றும் பொருள் விடுபட்டால் தொடுகோட்டுத் திசையில் போகும் என்று டீச்சர் சொன்னார்கள். எனக்கு உடனே சைக்கிள் சக்கரம்தான் ஞாபகம் வந்தது. பின் சக்கரத்தின் பின்பக்க விளிம்பு எப்போதும் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சேறு கழன்றால் நேராக மேலேதான் கிளம்பும். மணிக்கு 15 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்குச் சுமார் 4.2 மீட்டர். இயக்கச் சமன்பாட்டில் போட்டால் அந்தச் சேற்றுத் துளி கிட்டத்தட்ட 90 செ.மீ. உயரம் ஏறும். 26 இஞ்ச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து 33 செ.மீ. உயரத்தில் இருக்கு. இரண்டையும் கூட்டினால் 123 செ.மீ. சீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் நடு முதுகு சரியாக அங்கேதான் வருது! துளியும் நம்மோடு அதே வேகத்தில் முன்னால் வருவதால் பின்தங்கியும் போகாது. (காற்றுத் தடையை நான் கணக்கில் எடுக்கவில்லை. கணக்கு சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இதே கணக்கை 10 கி.மீ. வேகத்துக்குப் போட்டால் 72 செ.மீ.தான் வருது. அதாவது சீட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். அப்படியானால் மெதுவாப் போனா போதுமே என்று கேட்பீர்கள். முதல் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மெதுவாகப் போகிறவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். 20 கி.மீ. வேகத்தில் போனால் தலைக்கு மேலேயே பறக்கும். அதையும் நம் பையன்கள் தினமும் செய்து காட்டுகிறார்கள்.

முன் சக்கரம் வேறு வேலை பார்க்கும். அதன் சேறு செருப்பிலும் பெடல் அச்சிலும் செயினிலும் போய் அடைகிறது. மணல் கலந்த தண்ணீர் செயின் எண்ணெயைக் கழுவிவிட்டால் 'கரக் கரக்' என்று சத்தம் வரும். பிறகு துரு. வேகமாகப் போனால் முன் சக்கரம் எறியும் தண்ணீருக்குள் நாமே போய் முகத்தைக் கொடுக்கிறோம், கண்ணில் மண் விழும். நமக்குப் பின்னால் வருகிற ஆளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம்கூடப் பெரிய விஷயம் இல்லை. துவைத்தால் போகும், துடைத்தால் போகும். நான் எழுத வந்தது வேறு.

நம்ம பக்கம் செம்மண். அது துணியில் பட்டுக் காய்ந்தால் என்ன நிறம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பெண்பிள்ளையின் சீருடையில், பின்பக்கம், அந்த நிறத்தில் கறை இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் தெரியும். சுவர்ப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிப் பாடமே இருக்கு, பிறகு எழுத என்ன கூச்சம் என்று எழுதிவிட்டேன்.

போன வருடம் கார்த்திகையில் ஏழாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி நாலு கிலோமீட்டர் மழையில் மிதித்து வந்தாள். வராண்டாவில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள், யாரோ அடுத்தவர் காதில் ஏதோ சொன்னார்கள். வெறும் சேறுதான். ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் பையைப் பின்னால் தொங்கவிட்டபடியே நடந்தாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை. மறுநாளிலிருந்து ஆளைக் காணோம். கேட்டால் காய்ச்சல் என்றார்கள். உண்மையில் அவள் அம்மா, "மழைக்காலம் முடியிற வரைக்கும் சைக்கிள் வேணாம்"னு சொல்லிட்டாங்களாம். அவள் ஊருக்குக் காலையில் பஸ் கிடையாது. சைக்கிள் வேண்டாம் என்றால் பள்ளிக்கூடமும் வேண்டாம் என்றுதானே ஆகிறது? ஒன்பது நாள் அவள் வரவில்லை. அந்த ஒன்பது நாளில் கணக்கில் பின்னம் முடிந்துபோனது.

சிரித்தவர்கள் மேல் தப்பு இல்லையா என்று கேட்கலாம். இருக்கு. அதை டீச்சர் விசாரித்துக் கண்டித்தார்கள். ஆனால் அடுத்த மழைக்கு வேறு யாரோ சிரிப்பார்கள். மட்கார்டு மாட்ட அரைமணி நேரம்தான் ஆகும், அதைச் செய்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்கிறேன்.

இப்போது அண்ணன்மார் சொல்வதற்கு வருகிறேன். "மவுண்டன் பைக்குக்கு மட்கார்டு இல்லாததுதான் அழகு, ஃபாரின்ல இப்படித்தான்" என்கிறார்கள். அந்த ஃபாரின் கதையை நான் கணினி அறையில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் மரின் என்ற பகுதி. அங்கே 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை வாங்கி, பாரம் குறையட்டும் என்று மட்கார்டையெல்லாம் கழற்றிவிட்டு மலையிலிருந்து மண் பாதையில் இறங்கினார்கள். 1976-இல் அதையே பந்தயமாக ஆரம்பித்தார்கள். பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. இறங்கி முடிப்பதற்குள் பிரேக் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடுமாம். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிதாக ஃபிரேம் செய்தார். அங்கே கோடைகாலத்தில் மழையே அநேகமாகப் பெய்யாது. காய்ந்த மலை, கீழே இறங்குவது மட்டும்தான் வேலை, முடிந்ததும் வீட்டில் போய்க் குளிக்கலாம். அவர்கள் கழற்றியது அவர்களுக்குச் சரி. அந்த உடுப்போடு போய் எட்டுப் பீரியட் பெஞ்சில் உட்கார வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லையே! இப்போது சேற்றில் பந்தயம் ஓட்டுகிற வீரர்கள் பலரே முன் ஃபோர்க்கில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகட்டை டேக் போட்டு இறுக்கிக்கொள்கிறார்கள், கண்ணில் சேறு விழாமல் இருக்க. ஃபாரினைப் பின்பற்றுகிறவர்கள் அதையும் பின்பற்றலாம்.

பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் வேறு காரணம் சொன்னார். "கண்மாய்க்கரை களிமண்ணுல போனா மட்கார்டுக்குள்ள சேறு அடைச்சு வீல் சுத்தாது, வண்டியைத் தூக்கிட்டுத்தான் வரணும்." இது நியாயமான வாதம். கண்மாய்க்கரை வழியாக வருகிறவர்களுக்கு இது தெரியும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடம் குறைவாக இருந்தால் களிமண் அங்கேயே அப்பிக்கொள்ளும், தடிச்ச டயரில் இன்னும் மோசம். அதற்காகக் கழற்றி எறிய வேண்டியதில்லை. மவுண்டன் பைக்குக்கு என்று விற்கும் மட்கார்டு டயரை விட்டு நன்றாகத் தள்ளி, உயரத்தில் நிற்கும். மூன்று விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நம் களிமண்ணுக்குப் போதும். அப்படியும் அடைத்தால் இறங்கி ஒரு குச்சியால் குத்திவிட்டுப் போகலாம். செம்மண் ரோட்டில் மட்டும் வருகிறவர்களுக்கு அந்தப் பிரச்சினையும் இல்லை. அவர்கள் சக்கரத்தை ஒட்டி நீளமாக வரும் சாதாரண மட்கார்டே மாட்டலாம், அதுதான் நன்றாகத் தடுக்கும்.

சைக்கிள் கடை அண்ணனிடம் விலை கேட்டேன். பிளாஸ்டிக் ஜோடி இருநூறிலிருந்து முந்நூறு ரூபாய்க்குள் என்றார். அது முடியாதவர்களுக்கு: ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை நீளவாக்கில் வெட்டி, ஓட்டை போட்டு, கேரியருக்கு அடியில் டேக் போட்டு இறுக்கினால் முதுகுக் கோடு நின்றுவிடும். நாங்கள் மூன்று பேர் வண்டியில் செய்து பார்த்தோம். கீழே பழைய டியூப்பில் ஒரு துண்டு தொங்கவிட்டால் பின்னால் வருகிறவர் திட்ட மாட்டார். ஒரு எச்சரிக்கை: முன் சக்கரத்தில் கயிறு கட்டி ஒப்பேற்ற வேண்டாம். அது லூசாகிச் சக்கரத்துக்குள் மடங்கினால் சக்கரம் சட்டென்று நின்று ஆள் முன்னால் குப்புற விழுவார். முன்பக்கத்துக்கு ஸ்குருதான், அதையும் வாரம் ஒருமுறை திருகிப் பார்க்கணும்.

எங்க அப்பாயி 1991-இல் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவர். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முன்நின்றார்கள். நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படித்தான் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிளிலேயே ஏறியிருக்கிறார்கள். அதில் இரும்பு மட்கார்டு இருக்கும். அப்பாயி சொல்லும்: "சேலையைக் கட்டிக்கிட்டு, பின்னாடி தண்ணிக் கொடத்தையும் வச்சுக்கிட்டு மழையில போயிருக்கேன். ஒரு பொட்டுச் சேறு பட்டதில்ல. இப்ப உங்க வண்டிய பாத்தா கோழி ரோமம் உரிச்ச மாதிரி இருக்கு." அன்றைக்கு அவர்களைக் கேலி பேசிய ஆட்களும் ஊரில் இருந்திருக்கிறார்கள். அதையும் அப்பாயி சொல்லும், அவர்கள் பெயரையும் சேர்த்து. நான் இங்கே எழுதவில்லை.

(தாளில் இடம் குறைகிறது, எழுத்தைச் சின்னதாக்குகிறேன்.)

தலைமையாசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிள் கொட்டகை ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் மக்கும் மழைக்காலம் முடியும் வரை இருந்தால் வகுப்புக்குப் போகும் முன் காலும் துணியும் கழுவிக்கொள்வோம்.

மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்ட அண்ணன், அக்காமார் வீட்டில் இருக்கிறவர்கள் கவனிக்கவும். 2005-06 முதல் பிளஸ் ஒன்னில் எல்லாருக்கும் அரசு கொடுக்கும் சைக்கிளில் மட்கார்டு உண்டு. அதை ஸ்டைலுக்காகக் கழற்றியவர்கள் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள், பரணிலோ கட்டிலுக்கு அடியிலோதான் கிடக்கும். கேட்டு வாங்கி வாருங்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குப் பிறகு நானும் என் தோழிகளும் கொட்டகையில் ஸ்பேனரோடு இருப்போம். சக்கர அளவு பார்த்துப் பொருந்துகிறவர்களுக்கு மாட்டிக் கொடுப்போம். ஏழாம் வகுப்புத் தங்கச்சியின் வண்டிதான் முதலில். அது 24 இஞ்ச். அந்த அளவில் யார் வீட்டிலாவது இருந்தால் வியாழக்கிழமையே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி