ஏழு ஊர், நான்கு நாள்!

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் துள்ளாத உள்ளம் உண்டோ? ஆயினும் கோடைக்கானலில் பிறந்து வளர்ந்த நமக்கு அச்சொல் சற்று வேறு விதமாகத்தான் காதில் விழுகிறது. நமக்குச் சுற்றுலா என்றால் மற்றவர்கள் வருவது. ஏரிக்கரையில் சைக்கிள் வாடகை, தைலக் கடை, சாக்லேட் கடை, மே மாதத்தில் வீட்டு வாசலைத் தாண்ட முடியாத கார் வரிசை, இவைதாம் நாம் அறிந்த சுற்றுலா. நாமே ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்புவது நம்மில் பலர் வீட்டில் இன்னும் நடவாத காரியம். எங்கள் வீட்டில் அது வரும் கோடை விடுமுறையில் முதன்முறையாக நடக்கப் போகிறது. திட்டம் தீட்டுவதில் எனக்கும் பங்கு கிடைத்திருப்பதால், இது பற்றி நான் கொண்டுள்ள கருத்தைத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் சொல்ல விரும்புகிறேன்.

என் அப்பா சுற்றுலாக் கார் ஓட்டுகிறார். அவர் காரில் கண்ணாடித்தாள் போர்த்திய அட்டை ஒன்று உண்டு. கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட் என்று பன்னிரண்டு இடங்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். காலையில் ஏறுகிறவர்கள் மாலைக்குள் பன்னிரண்டையும் பார்த்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் காசு வீணாகிவிட்டது என்று வருந்துவார்கள்.

கோக்கர்ஸ் வாக்கில் நான் பலமுறை கண்டதைச் சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டு கோக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி மலை விளிம்பில் அமைத்த ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. பாதி நாட்கள் அங்கே மேகம் மூடியிருக்கும். வருகிறவர்கள் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்ப்பார்கள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. "இதைப் பார்க்கவா வந்தோம்?" என்று கேட்டுவிட்டு, நேரமாகிறது என்று அடுத்த இடத்துக்கு ஓடுவார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மேகம் அப்படியே நிற்பதில்லை. கால்மணியோ அரைமணியோ பொறுத்தால் திரை விலகியது போல விலகும். கீழே பெரியகுளம் வரை சமவெளி பளிச்சென்று தெரியும். அதைக் காண்பவர் யார்? வேர்க்கடலை விற்கும் பாட்டியும், அவசரமில்லாத நாலைந்து பேரும்தான். மற்றவர்கள் அந்நேரம் தூண் பாறையில் இன்னொரு மேகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி ஓடுகிறவர்களைத் தினமும் ஏற்றி இறக்கும் என் அப்பாவும், அவருக்குத் துணையாக என் தாய்மாமாவும் சேர்ந்து எங்களுக்குப் போட்டுத் தந்த திட்டம் என்ன தெரியுமா? நான்கு நாட்கள், பழனி, மதுரை, இராமேசுவரம், தனுஷ்கோடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி, வேளாங்கண்ணி, பிறகு வீடு! அதே பன்னிரண்டு இட அட்டைதான். எண்ணிக்கை ஏழாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

நான் புவியியல் வரைபடத்தையும் ஒரு தாளையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கோடையிலிருந்து பழனி சுமார் 65 கிலோமீட்டர். மதுரையிலிருந்து இராமேசுவரம் மட்டும் 170-ஐத் தாண்டும். கன்னியாகுமரியிலிருந்து வேளாங்கண்ணி என்பது தமிழ்நாட்டின் தென்முனையிலிருந்து காவிரிப் படுகை வரை கடற்கரையை அளப்பது. எல்லாம் சேர்த்தால் 1,300 கிலோமீட்டருக்குக் குறையாது. மலைப்பாதை, நெரிசல், தேநீர் எல்லாம் சேர்த்து மணிக்கு 45 கிலோமீட்டர் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 29 மணி நேரம் சக்கரத்தின் மேல்! நான்கு நாட்களின் பகற்பொழுது 48 மணி நேரந்தான். அதில் பாதிக்கு மேல் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மேலும் மாமா போட்ட அட்டவணைப்படி நாங்கள் மதுரை சேர்வது பிற்பகல் ஒரு மணிக்கு. பெரும்பாலான கோயில்களைப் போல மீனாட்சியம்மன் கோயிலும் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். இரண்டு மணிக்கோ நாங்கள் இராமேசுவரம் நோக்கிப் புறப்பட வேண்டும்!

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். "நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு முறை எப்போது வாய்க்கும்? சீட்டுப் பணம் வந்ததால் போகிறோம். போகிற வழியில் இருப்பதைப் பார்க்காமல் வந்தால் பிறகு ஏங்க மாட்டோமா?" என்கிறார். வசதி படைத்தவர்கள் ஆண்டுக்கொரு முறை நிதானமாக ஒவ்வோர் ஊராகப் பார்க்கலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை கிளம்புகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டத்தான் பார்ப்பார்கள். கோக்கர்ஸ் வாக்கில் ஓடுகிறவர்களிலும் பலர் அப்படிப்பட்டவர்களே. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேட்கிறேன்: ஏழு ஊரின் பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்பினால் அந்த ஏக்கம் தீர்ந்துவிடுமா? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல் போய் வந்தவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்களிடம் கேட்டால் எந்த ஊரில் எந்தக் கோபுரம் என்பது குழம்பிப் போகிறது; இட்லி நன்றாக இல்லாதது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

எங்கள் பயணத்துக்கு ஒரு காரணமும் உண்டு. என் அம்மாச்சிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேரிக்காய்த் தோட்டங்களில் காய் பறித்தே காலம் கழித்தவர். கலெக்டர் லெவிஞ்சு 1863-இல் உண்டாக்கிய நம் அறுபது ஏக்கர் ஏரியைவிடப் பெரிய நீரை அவர் கண்டதில்லை. "கடல் நம்ம ஏரி மாதிரி எத்தனை இருக்கும்?" என்று என்னைக் கேட்கிறார். முழங்கால் வலியால் நூறு அடி நடந்தால் உட்கார வேண்டும் அவருக்கு. அவர் கடலைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முதலில் எழுந்த பேச்சு. பட்டியல் நீள நீள, அந்தக் கடலுக்குக் கிடைத்த நேரம் தனுஷ்கோடியில் முக்கால் மணியாகச் சுருங்கிவிட்டது. முதலில் எது வேண்டும் என்று முடிவு செய்து, மற்றதை அதற்கு இடைஞ்சல் இல்லாமல் சேர்க்க வேண்டும் என்பேன்.

ஆகவே என் திட்டத்தில் இரண்டே ஊர்கள்; ஐந்து நாட்கள். மதுரையில் ஓரிரவு, இராமேசுவரத்தில் மூன்றிரவு. பழனியை நீக்கிவிட்டேன். அது நம் மலையடிவாரம். எந்தச் சனிக்கிழமையும் போய் வரலாம். கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தை 2024 டிசம்பரில் திறந்தார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கே அங்கு போக ஆசைதான். அதையும் நீக்கினேன். வேளாங்கண்ணியை நீக்கியதற்கு வீட்டில் பெரும் எதிர்ப்பு வரும் என்று அஞ்சினேன். அம்மாச்சியே எனக்குத் துணை நின்றார். "ஊர் பாக்கப் போற வழியில எட்டிப் பாக்குற எடமா அது? அதுக்குத் தனியா நேர்ந்துக்கிட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் மாமா வாய் திறக்கவில்லை.

மதுரையில் மாலையில் கோயில், மறுநாள் காலையில் தமுக்கம் காந்தி அருங்காட்சியகம், அவ்வளவே. கோயிலைப் பற்றிச் சில செய்திகளை முன்னதாகவே வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். 2018 முதல் உள்ளே கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை. ஆகவே ஒருவரையொருவர் தவறவிட்டால் எங்கே நிற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் கற்றளம் கொதிக்கும். நாம் கிறிஸ்தவர்கள் ஆதலால் சந்நிதிக்குள் போக இயலாது. பொற்றாமரைக் குளத்தையும், 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபத்தையும் பார்க்கலாம். இதை வருத்தமாகச் சொல்வோரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போகிறோம். திண்ணையில் அமரச் சொன்னால் அமர்ந்து, திண்ணையின் அழகைப் பார்த்துவிட்டு வருவதுதானே மரியாதை? அந்தத் திண்ணையே அங்கு ஒரு நாளைக்குப் போதும்.

மதுரையிலிருந்து இராமேசுவரத்துக்கு ரயில். இதில்தான் அப்பாவுக்கும் எனக்கும் நீண்ட வழக்கு. சொந்தக் கார் இருக்க ரயில் எதற்கு என்கிறார். ஆண்டு முழுவதும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளைத் திருப்பும் கைகள் விடுமுறையிலும் அதையே செய்தால் அது யாருக்கு விடுமுறை? அது போலவே, செலவு குறையும் என்று அடுப்பும் பாத்திரமும் தூக்கிச் சென்றால் அம்மாவுக்குச் சமையலறை ஊர்விட்டு ஊர் மாறும், வேறொன்றும் மாறாது. பெற்றோர் இருவரும் இந்த ஐந்து நாட்களில் வண்டியும் ஓட்டக் கூடாது, சோறும் வடிக்கக் கூடாது என்பது என் திட்டத்தின் முதல் விதி. ஓர் ஊரைக் குறைத்தால் ஓட்டல் செலவுக்குப் பணம் தானே மிஞ்சுகிறது.

ரயிலுக்கு இன்னொரு காரணம் பாம்பன் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே தூக்கும். அதில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தை 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறந்தார்கள். அதன் நடுப்பகுதி மின்தூக்கி போல் அப்படியே நேராக மேலெழும். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அம்மாச்சி கடலை முதன்முதலில் காணப்போவது அந்த ஜன்னல் வழியாகத்தான். நின்று பார்க்க முழங்கால் வேண்டாம், உட்கார்ந்தபடியே இருபுறமும் பார்க்கலாம்.

இராமேசுவரத்தில் கோயிலின் நீண்ட பிரகாரமும் அதன் 1,212 தூண்களும் புகழ் பெற்றவை. அப்துல் கலாம் அவர்களின் நினைவகம் 2017 முதல் இருக்கிறது. தனுஷ்கோடிக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயலில் ஓர் ஊரே அழிந்தது. பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டு போயிற்று. கூரையிழந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் மணலில் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பின் அங்கே கூட்டம் அதிகம். படம் பிடித்துக்கொண்டு ஓட அது ஏற்ற இடமன்று. அக்கடலில் நீரோட்டம் கடுமையானது, குளிக்கவும் கூடாது. நம் ஏரியில்கூட இறங்கியறியாத மலைப்பிள்ளைகளான என் தம்பிமாருக்கு இதை எழுதியே கொடுத்திருக்கிறேன்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். சீசன் முடியாமல் எங்கள் வீட்டில் யாரும் நகர முடியாது. ஆகவே மலர்க் கண்காட்சி முடிந்த பின், பள்ளி திறக்குமுன் உள்ள சில நாட்களே கிடைக்கும். நல்ல வெயில், குளிரில் வளர்ந்த நமக்குக் கஷ்டம். மேலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மீனுக்காகவே இராமேசுவரம் வர ஒப்புக்கொண்ட மாமாவிடம் இச்செய்தியைச் சொல்லும் பொறுப்பை அம்மாவிடம் விட்டிருக்கிறேன். நாட்டுப்படகு மீனாவது கிடைக்கட்டும்.

வந்தவர்களால் நம் ஊர் படும் பாட்டை அறிந்த நாம், போகிற ஊரில் எப்படி நடக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றமே எண்ணிக் கொடுக்க நேர்ந்தது. பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கிப் பொறுக்கி நம் கை சலித்தது. இராமேசுவரத்துத் தெருவில் வசிக்கும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவியும் நம்மைப் போலவே அலுத்துக்கொண்டிருப்பாள் அல்லவா? தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்கள் எடுத்துப் போகிறோம்.

அருட்சகோதரியர் பொறுத்தருள வேண்டுகிறேன். நம் பள்ளிச் சுற்றுலாவுக்கும் இக்கருத்து பொருந்தும் என்று நினைக்கிறேன். மூன்று நாளில் ஆறு ஊர் என்பதற்குப் பதில் இரண்டு ஊர் போதும். ஒரு மாலைப் பொழுதுக்கு நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க விட்டால் போதும். பேருந்தில் பாட்டுப் பாடுவதுதான் இன்பம் என்று என் வகுப்புத் தோழியர் சிலர் மறுப்பார்கள். இரண்டு ஊருக்கும் பேருந்தில்தானே போகப் போகிறோம்?

எங்கள் வீட்டுத் திட்டத்தில் நான்காம் நாளுக்கு எதிரே அக்னி தீர்த்தக் கடற்கரை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அங்கே அலை அதிகமில்லை; அம்மாச்சி ஓரமாக அமர்ந்து காலை நனைக்கலாம். ஒரு நாள் முழுவதும் அங்கே என்ன செய்வது என்று அப்பா கேட்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி