விஷ அரிசி வண்டிக்குப் போகட்டும், வயித்துக்கு வேண்டாம்!

நெல் பச்சைப்பசேலென்று விளைகிறது. அரிசி முத்து முத்தாக இருக்கிறது. சோறும் மணக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது விஷம்!

காட்மியம் என்ற உலோகம்தான் அந்த விஷம். ஜப்பானில் சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்தது. ஆறு வயலில் பாய்ந்தது. அரிசியில் ஏறியது. அதைத் தின்ற டொயாமா பகுதிப் பெண்கள் பலருக்கு எலும்பே நொறுங்கியது. நோய்க்கு 'இத்தாய் இத்தாய்' என்று பெயர். 'வலிக்குதே, வலிக்குதே' என்று அர்த்தம்! 1968ல்தான் இது காட்மியம் செய்த கொடுமை என்று அந்த நாட்டு அரசு ஒப்புக்கொண்டது.

கதை அதோடு முடியவில்லை. 2013ல் சீனாவின் குவாங்சௌ நகரில் 18 மாதிரிகளைச் சோதித்தார்கள். 8ல் வரம்பு மீறிய காட்மியம்!

இந்த அரிசியை என்ன செய்வது? கொளுத்தினால் பாவம், உழவன் தலையில் துண்டு. நல்ல அரிசியோடு கலந்து விற்றால் அது கொலை.

வழி ஒண்ணு இருக்கிறது. அரிசியை ஊறல் போட்டு எரிசாராயம் ஆக்கலாம். மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக்க வேண்டும், அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். 78 டிகிரி சூட்டில் சாராயம் ஆவியாகி வெளியே வரும். காட்மியம் அந்தச் சூட்டுக்கு அசையாது, அடியிலேயே தங்கிவிடும். ஒரு டன் அரிசிக்கு ஏறக்குறைய 400 லிட்டர் கிடைக்கும். பெட்ரோலில் கலந்து வண்டி ஓட்டலாம்.

ஆனால் உஷார்! விஷம் எங்கேயும் ஓடிப்போகவில்லை. அத்தனையும் சக்கையில்தான் இருக்கிறது. தானியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கையாக மிஞ்சும் என்பதால், அதில் விஷம் மூன்று மடங்கு அடர்த்தி. சாராய ஆலைச் சக்கையை மாட்டுக்குப் போடுவது வழக்கம். இதைப் போட்டால் மாட்டின் ஈரலில் ஏறும். எருவாகக் கொட்டினால் பழையபடி வயலுக்கே வரும். திருடனைப் பிடித்துக் கொல்லைப்புறமாக விட்ட கதைதான்!

ஆகவே விஷ நெல்லை அரசே நியாய விலைக்கு வாங்க வேண்டும். வாங்கிய இடத்திலேயே சாயம் கலக்க வேண்டும். அப்போதுதான் கடைக்குத் திரும்பாது. சக்கைக்கு மூட்டை மூட்டையாகக் கணக்கு வேண்டும். அதைப் பூட்டி வைத்து, நீர் கசியாத குழியில் அடைக்க வேண்டும்.

செலவு யார் தலையில்? கழிவை ஆற்றில் விட்டவன் தலையில்தான்! சேற்றில் இறங்கி நட்டவன் ஏன் அழ வேண்டும்?