1654: ஒரு சிறுநகரின் சாட்சியம்

உக்ரேன் போர் பற்றிய செய்திகளைப் படித்துப் படித்து கியவ், கார்கிவ், ஒடேசா போன்ற பெயர்கள் நமக்குப் பழகிவிட்டன. பெரெயாஸ்லாவ் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்?

தலைநகர் கியவ்வுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறுநகர் அது. மக்கள்தொகை 30,000க்கும் குறைவு. நம் தோ பாயோவில் வசிப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். இருந்தும் அந்த ஊரிலும் அதைச் சுற்றியும் இருபதுக்கும் மேற்பட்ட அரும்பொருளகங்கள் இருக்கின்றன. ரொட்டிக்கு ஒன்று, தேனீ வளர்ப்புக்கு ஒன்று, பூவேலைத் துண்டுகளுக்கு ஒன்று, விண்வெளிக்குக்கூட ஒன்று.

நான் அங்குச் சென்றதில்லை. போர் நடக்கும் நாட்டுக்கு இப்போது சுற்றுலா செல்லும்படி யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஆனால், இந்தப் போரைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊர்களில் இதுவும் ஒன்று என்பேன். அதற்குக் காரணம் ஓர் ஆண்டு: 1654.

ர‌ஷ்ய அதிபர் விளாடிமிர் புட்டின் 2021 ஜூலையில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ர‌ஷ்யர்களும் உக்ரேனியர்களும் ஒரே மக்கள் என்பது அதன் மையக் கருத்து. அதற்கு அவர் எடுத்துக்காட்டிய வரலாற்று நிகழ்வுகளில் 1654ல் பெரெயாஸ்லாவில் நடந்த கூட்டமும் ஒன்று. கட்டுரை வெளிவந்து ஏழு மாதங்களில் ர‌ஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்தன. கட்டுரைதான் போரை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால், போருக்கு நியாயம் சொல்லப் பழைய வரலாறு அழைக்கப்பட்டது. அந்த வரலாறு உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்பது நம் உரிமை.

சத்தியம் செய்ய மறுத்த தூதர்

அக்காலத்தில் உக்ரேனியப் பகுதிகளில் பெரும்பாலானவை போலந்து-லித்துவேனிய அரசின்கீழ் இருந்தன. 1648ல் கொசாக்கு வீரர்களின் தலைவர் போஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி அந்த அரசை எதிர்த்துக் கிளர்ச்சியில் இறங்கினார். ஆறு ஆண்டுப் போருக்குப் பிறகு அவருக்கு வலுவான ஒரு துணை தேவைப்பட்டது. மாஸ்கோவின் ஸார் மன்னரை நாடினார். 1654 ஜனவரியில் மன்னரின் தூதர் வசீலி புத்தூர்லின் பெரெயாஸ்லாவ் வந்து சேர்ந்தார்.

கொசாக்குகள் ஸாருக்கு விசுவாசம் காட்டுவதாகச் சத்தியம் செய்வது என்று முடிவானது. தேவாலயத்தில் ஹ்மெல்னித்ஸ்கி ஒரு கேள்வி எழுப்பினார்: எங்கள் உரிமைகளைக் காப்பதாக மன்னரின் சார்பில் நீங்களும் சத்தியம் செய்வீர்களா? புத்தூர்லின் மறுத்துவிட்டார். மன்னர் தம் குடிமக்களுக்குச் சத்தியம் செய்யும் வழக்கம் இல்லை என்றார். போலந்து மன்னர்கள் அப்படிச் செய்வதுண்டே என்று கொசாக்குகள் வாதிட்டனர். ஹ்மெல்னித்ஸ்கி தேவாலயத்தை விட்டு வெளியேறி, தம் தளபதிகளுடன் கலந்து பேசிவிட்டு, பிறகுதான் திரும்பி வந்து சத்தியம் செய்தார்.

இந்தச் சம்பவம் உக்ரேனியர்கள் பிற்காலத்தில் கட்டிய கதை அன்று. தூதர் புத்தூர்லின் மாஸ்கோவுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே இருக்கிறது. ஒரு தரப்பு அதை இரு தரப்பு ஒப்பந்தமாக எண்ணியது. மற்றத் தரப்பு அதை அடிபணிதலாக எண்ணியது. அன்றைக்கே கருத்து வேறுபாடு இருந்தது. அதன் பிறகு அவ்வாண்டு மார்ச்சில் மாஸ்கோவில் வரையறுக்கப்பட்ட விதிமுறைகளின் மூலப்பிரதி இன்று இல்லை. நகல்களும் வரைவுகளும்தான் எஞ்சியுள்ளன.

அந்த உறவும் நிலைக்கவில்லை. 1658ல், ஹ்மெல்னித்ஸ்கிக்கு அடுத்து வந்த தலைவர் போலந்துடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டார். 1667ல் மாஸ்கோவும் போலந்தும் நீப்பர் ஆற்றை எல்லையாக வைத்து உக்ரேனைப் பங்கிட்டுக்கொண்டன. ‘என்றென்றும் ஒன்றாக’ என்று பின்னாளில் வருணிக்கப்பட்ட பிணைப்பு நான்கே ஆண்டுகளில் ஆட்டம் கண்டது.

பெயர்களும் சிலைகளும்

பிறகு எப்படி 1654 இவ்வளவு பெரிய ஆண்டு ஆனது? பெரெயாஸ்லாவின் பெயர்ப் பலகையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது, 1943ல் சோவியத் அரசு இவ்வூருக்குப் பெரெயாஸ்லாவ்-ஹ்மெல்னித்ஸ்கி என்று பெயரிட்டது. 1954ல் அந்தக் கூட்டத்தின் 300ஆம் ஆண்டு நிறைவை நாடே கொண்டாடியது. கிரைமியா ர‌ஷ்யக் குடியரசிலிருந்து உக்ரேனியக் குடியரசுக்கு மாற்றப்பட்டதும் அவ்வாண்டில்தான். சோவியத் காலத்திலேயே ஊரின் நடுவில் ர‌ஷ்ய-உக்ரேனிய ஒற்றுமையைப் போற்றும் பெரிய நினைவுச்சின்னம் எழுந்தது.

2019ல் உக்ரேனிய நாடாளுமன்றம் ஊருக்குப் பழைய பெயரையே திருப்பித் தந்தது. 2022 ஜூலையில், போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்த நினைவுச்சின்னமும் அகற்றப்பட்டது.

ஹ்மெல்னித்ஸ்கியை உக்ரேன் நிராகரித்துவிட்டதா என்றால், இல்லை. அந்நாட்டின் 5 ஹிரிவ்னியா நாணயத்தில் இன்றும் அவர் உருவம்தான். ஆனால், அவரைப் பற்றிய கதை இரண்டோடு முடிவதில்லை. 1648ல் தொடங்கிய கிளர்ச்சியின்போது யூதர்கள் பெருமளவில் கொல்லப்பட்டனர். யூத மக்களின் நினைவில் அவர் வீரர் அல்லர். இத்தி‌ஷ் மொழியின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஷோலம் அலெய்ச்செம் 1859ல் பிறந்தது இதே பெரெயாஸ்லாவில்தான். ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ இசை நாடகத்துக்கு அடிப்படையான கதைகளை எழுதியவர் அவர். அவருக்கும் அங்கே ஓர் அரும்பொருளகம் உண்டு. ஒரே ஊரில் ஒரே மனிதரைப் பற்றி மூன்று நினைவுகள்.

‘உக்ரேன்’ என்ற சொல்லுக்கும் இவ்வூருடன் தொடர்புண்டு. பெரெயாஸ்லாவின் இளவரசர் 1187ல் இறந்த செய்தியைக் கூறும் பழைய வரலாற்றுக் குறிப்பில்தான் அச்சொல் முதன்முதலாக எழுத்தில் காணப்படுகிறது. அங்கே அது ‘எல்லைப்பகுதி’ என்ற பொருளில் வந்ததா, ‘நாடு’ என்ற பொருளில் வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆகவே, உக்ரேனின் ஆதரவாளரும்கூட அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ‘வழக்கு முடிந்தது’ என்று சொல்லிவிட முடியாது.

தேவாலயத்துக்குள் விண்வெளி

இவ்வூரில் என்னை மிகவும் கவர்ந்தது 1964ல் தொடங்கப்பட்ட திறந்தவெளி அரும்பொருளகம். ஏறக்குறைய 30 ஹெக்டர் பரப்பில் நீப்பர் ஆற்றங்கரைக் கிராமங்களின் வீடுகள், காற்றாலைகள், மரத்தாலான தேவாலயங்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்து அமைத்திருக்கிறார்கள். உக்ரேனில் இவ்வகையில் முதலாவது இதுதான்.

இதை உருவாக்கியவர் மிஹைலோ சிகோர்ஸ்கி. அரை நூற்றாண்டுக்கும் மேலாக பெரெயாஸ்லாவ் அரும்பொருளகங்களுக்காக உழைத்தவர். 1970களில் மின்சார உற்பத்திக்காக நீப்பரின் குறுக்கே கட்டப்பட்ட கனிவ் அணையின் நீர்த்தேக்கத்தில் ஆற்றோரக் கிராமங்கள் பல மூழ்கின. மூழ்கவிருந்த ஊர்களின் கட்டடங்களில் சிலவற்றைப் பிரித்தெடுத்து இங்கே மீண்டும் நிறுத்தினார்கள். அந்த்ருஷி என்ற கிராமம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அங்கிருந்த 1768ஆம் ஆண்டு மரத் தேவாலயம் இங்கே நிற்கிறது.

கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட ஆட்சியில் தேவாலயத்தைத் தேவாலயமாகவே காப்பாற்றுவது எளிதன்று. இங்குள்ள இன்னொரு மரத் தேவாலயத்தில்தான் விண்வெளி அரும்பொருளகம் அமைந்தது. விண்வெளிச் சாதனை சோவியத் அரசு பெருமை கொண்டாடிய துறை. உள்ளே விண்வெளி வீரர்களின் பொருள்கள் இருந்ததால் வெளியே கட்டடம் நிலைத்தது. காட்சிப்பொருளைப் போலவே, அதை வைத்திருக்கும் கட்டடமும் வரலாறு பேசும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தீக்கிரையான வீடு

பெரெயாஸ்லாவை ர‌ஷ்யப் படைகள் கைப்பற்றவில்லை. எல்லா ஊர்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 18ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி ஹிரிஹோரி ஸ்கோவோரோதா 1750களில் பெரெயாஸ்லாவ் கல்விக்கூடத்தில் செய்யுளியல் கற்பித்தவர். தாம் விரும்பிய முறையில் கற்பித்ததால் ஆயருடன் மோதி வேலையை இழந்தவர். அக்கல்விக்கூடக் கட்டடம் இன்று அவர் பெயரில் அரும்பொருளகமாக உள்ளது. ஆனால், கார்கிவ் வட்டாரத்தில் அவர் வாழ்ந்து மறைந்த வீட்டில் இருந்த மற்றோர் அரும்பொருளகம் 2022 மே மாதம் ர‌ஷ்யத் தாக்குதலில் எரிந்தது. அது அவருடைய 300ஆவது பிறந்த ஆண்டு. சேகரிப்பை முன்கூட்டியே வேறிடத்துக்கு மாற்றியிருந்ததால் பொருள்கள் தப்பின.

கியவ்வுக்கு வடக்கே இவான்கிவ் என்ற சிற்றூரின் அரும்பொருளகமும் போரின் முதல் நாள்களிலேயே தீப்பற்றியது. நாட்டுப்புற ஓவியர் மரியா ப்ரிமாச்சென்கோவின் படைப்புகளை உள்ளூர் மக்கள் வெளியே எடுத்துக் காப்பாற்றினர். கெர்சோன் கலை அரும்பொருளகத்திலிருந்து பத்தாயிரத்துக்கும் அதிகமான படைப்புகள் எடுத்துச்செல்லப்பட்டதாக அதன் நிர்வாகம் கூறியது. உக்ரேனில் 500க்கும் மேற்பட்ட பண்பாட்டு இடங்கள் சேதமடைந்திருப்பதை யுனெஸ்கோ உறுதிசெய்துள்ளது.

போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கும் ஹேக் உடன்படிக்கை 1954ல் உருவானது. ர‌ஷ்யா, உக்ரேன் இரண்டுமே அதற்குக் கட்டுப்பட்ட நாடுகள். உயிர்கள் போகும்போது பழைய பொருள்களைப் பற்றிய கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். உயிர்தான் முதலில், அதில் ஐயமில்லை. ஆனால், ‘நீங்கள் தனி மக்களே அல்லர்’ என்பது ஒரு போரின் வாதமாக இருக்கும்போது, அதற்கு மறுமொழி தரக்கூடிய சான்றுகளை அழிப்பது வெறும் பொருள்சேதம் ஆகாது.

நமக்கு என்ன தொடர்பு?

2022 பிப்ரவரி 28ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில் பேசியதை நினைவுகூர்கிறேன். ஒரு நாட்டின் சுதந்திரமே வரலாற்றுப் பிழை என்று வாதிட்டு மற்றொரு நாடு அதைத் தாக்குவதை ஏற்க முடியாது என்பது அவர் உரையின் சாரம். 1965ல் தனிநாடான சிங்கப்பூரும் அத்தகைய வாதங்களுக்கு அப்பாற்பட்டதன்று.

அரும்பொருளகம் சொல்லும் கதை மாறுவதை நாமும் பார்த்திருக்கிறோம். 2017ல் அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள பழைய ஃபோர்ட் தொழிற்சாலைக் கண்காட்சிக்கு ‘சியோனான் காட்சிக்கூடம்’ என்று பெயரிட்டபோது எதிர்ப்பு எழுந்தது. ஜப்பானிய ஆட்சியில் நம் தீவுக்கு இடப்பட்ட பெயர் அது. சில நாள்களில் பெயர் மாற்றப்பட்டது. உள்ளே இருந்த பொருள்கள் அப்படியே இருந்தன. ஒரு பெயர் மட்டுமே அவ்வளவு வலியைக் கிளறியது.

பெரெயாஸ்லாவில் அகற்றப்பட்ட நினைவுச்சின்னம் பற்றி எனக்கு இரு மனம் உண்டு. குண்டு விழும் ஊரில் ‘ஒற்றுமை’ச் சின்னத்தை மக்கள் சகித்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே பாதுகாப்பாக அமர்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆயினும், அப்படி ஒன்று அங்கே நின்றது என்பதும், யார் அதை எதற்காக நிறுத்தினர் என்பதும் அருங்காட்சிக் குறிப்புகளில் இருக்க வேண்டும். புத்தூர்லினின் அறிக்கை பாதுகாக்கப்பட்டதால்தானே அந்த மறுப்பு இன்று நமக்குத் தெரிகிறது?

அடுத்த முறை பள்ளிச் சுற்றுலாவாகவோ நண்பர்களுடனோ ஓர் அரும்பொருளகத்துக்குப் போகும்போது ஒரே ஒரு காட்சிப்பொருளின் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இந்த விளக்கக் குறிப்பை எழுதியவர் யார்? இதே நிகழ்வைப் பற்றி எதிர்த் தரப்பு என்ன எழுதி வைத்திருக்கிறது? இங்கே வைக்கப்படாதது எது? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகியவரிடம், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியைக் காட்டி ஒரு போரை நியாயப்படுத்துவது அவ்வளவு சுலபமாக இராது.