அந்தக் கற்களைப் படிக்க விடுங்கள்

மாண்புமிகு பேராக் மந்திரி பெசார் அவர்களுக்கு,

மாநிலத்தின் பழைய தோட்டத்து இடுகாடுகளைப் பற்றி எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம், ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய நிலத்தின் ஓரத்தில் என் கொள்ளுத்தாத்தாவின் கல்லறை இருக்கிறது. லாலான் புல்லை வெட்டி ஒதுக்கியதும் ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து தெரிந்தது. அவர் பெயர், தகப்பனார் பெயர், முசிறி தாலுகாவில் ஒரு கிராமம். அதுவரை எங்களில் எவருக்கும் பூர்வீக ஊர் தெரியாது.

கங்காணிகளோடு கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு தலைமுறை நின்றுவிடுகிறது. பழைய பதிவுகளில் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால், ஒரே முனியாண்டி மூன்று தாளில் மூன்று ஆளாகிறார். நிலம் கைமாறியபோது தொழிலாளர் வருகையைப் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் பலவும் தொலைந்தன. பெயரையும் ஊரையும் தமிழில் சேர்த்துச் சொல்லும் ஒரே ஆவணம் பல குடும்பங்களுக்கு அந்தக் கல்தான்.

இந்த இடுகாடுகள் புதர் மண்டியதற்கு மக்களின் அலட்சியம் காரணமல்ல. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் பல தோட்டங்களின் லயக் குடியிருப்புகளைப் பெயர்த்து, தொழிலாளர்களை வேலிக்குள் குடியமர்த்தினார்கள். இடுகாடு பழைய இடத்திலேயே நின்றது. அடுத்து, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தது. அதை எதிர்கொள்ளத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பிறகு செம்பனை, வீடமைப்பு. இத்தனைக்கும் பிறகு, தீபாவளிக்கு முன் புல் வெட்டிப் படையலிடக் குடும்பங்கள் வருகின்றன. காவலாளியிடம் கெஞ்சித்தான் உள்ளே போகிறோம்.

நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது. தோட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்ற உங்கள் அரசின் ஒப்புதல் தேவை. அந்த விண்ணப்பம் வரும்போதே இடுகாட்டை அளந்து அரசிடம் ஒப்படைக்கும்படி நிபந்தனை விதியுங்கள். தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி அதைக் கெசட்டில் அறிவித்து ஒதுக்கலாம். கல்லறைகளை இடம் மாற்ற இழப்பீடு தரும் வழக்கம் போதாது. அதில் பெயரற்ற மண்மேடுகளை யாரும் கணக்கெடுப்பதில்லை.

கற்களில் உள்ளதைப் பதிவு செய்யும் வேலையைக் குவாலா கங்சார் மாவட்டத்திலிருந்து தொடங்கலாம். எழுத்தைப் படித்துப் படமெடுக்கத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணிமாரும் முன்வருவார்கள். சிமெண்ட் உதிர்ந்துகொண்டிருக்கிறது, அடுத்த மழைக்காலத்துக்குள் அவர்கள் உள்ளே நுழைய மாவட்ட நில அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

இப்படிக்கு,
பால்மரம் சீவியவரின் கொள்ளுப்பேத்தி